டேப் எடுத்த சிங்கிள் காயில் பிக்அப்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது

ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் வகைக் கிட்டார் வைத்திருக்கும் பலரிடமும் கேட்கும் குறை ஒன்றுதான். பிக்அப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் உறுப்பு. கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்அப் இனிமையாக இருக்கிறது, ஆனால் தந்திகள் முடியும் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்அப்பில் லீட் (தனித்து ஒலிக்கும் மெட்டு) வாசித்தால் சத்தம் மெலிந்து காதைக் குத்துகிறது. அதைக் கழற்றிவிட்டுக் கனமான பிக்அப் ஒன்றை மாட்டினால் குத்துவது நிற்கும். கூடவே அந்தக் கிட்டாருக்கே உரிய பளிச்சென்ற தெளிவும் போய்விடும். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கான வழிதான் டேப் எடுத்த சிங்கிள் காயில். ஒரே பிக்அப், ஒரு சின்ன ஸ்விட்ச், இரண்டு குரல்.

முதல் முறையாக பிக்அப் மாற்றப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மல்டிமீட்டர் ஒன்றும் சால்டரிங் அயர்ன் ஒன்றும் கையில் இருந்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது

சிங்கிள் காயில் பிக்அப் என்பது ஆறு காந்தக் குச்சிகளைச் சுற்றி, எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்அப்பில் 42 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பி ஏறத்தாழ 7,600 முதல் 8,300 சுற்று வரை இருக்கும். மல்டிமீட்டரில் வைத்தால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டும். கம்பியின் ஒரு முனை எர்த்துக்குப் போகும், மறு முனையில் சிக்னல் வரும்.

டேப் எடுத்த பிக்அப்பில் இதைவிட அதிகமாகச் சுற்றுவார்கள். சுற்றிக்கொண்டே போகும்போது நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து தனியாக ஒரு கம்பியை வெளியே இழுத்துவிட்டு, மீதியைச் சுற்றி முடிப்பார்கள். ஸ்டெபிலைசர் அல்லது பழைய ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. டிரான்ஸ்ஃபார்மரில் வரும் சென்டர் டேப் போன்றதுதான், ஆனால் இங்கே சரிபாதியில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக மூன்று கம்பிகள் வெளியே வரும்: எர்த், டேப், முழுச் சுற்று. ஸ்விட்ச் டேப் பக்கம் இருந்தால் உள்பக்கச் சுற்றுகள் மட்டும் பேசும். முழுப் பக்கம் இருந்தால் எல்லாம் சேர்ந்து பேசும்.

1970களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஷெக்டர் நிறுவனம் விற்ற எஃப்500டி பிக்அப்புகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. இன்று சீமோர் டங்கனின் குவார்ட்டர் பவுண்ட் வரிசையில் மாடல் எண்ணின் கடைசியில் டி என்ற எழுத்து வந்தால் அது டேப் எடுத்தது என்று அர்த்தம். ஸ்ட்ராட்டுக்கு எஸ்எஸ்எல்-4டி, டெலிக்கு எஸ்டிஎல்-3டி. தனியாகப் பிக்அப் சுற்றித் தரும் சிறு பட்டறைகள் பலவும் கேட்டால் டேப் வைத்துத் தருகின்றன.

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

விளம்பரத்தில் ‘காயில் டேப்’ என்று பார்த்தவுடன் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான கடைகள் அந்தப் பெயரில் விற்பது ஹம்பக்கரை. ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் உண்டு, ஸ்விட்ச் போட்டால் அதில் ஒன்று அணைந்துவிடும். அது காயில் ஸ்பிளிட், வேறு சமாசாரம். நாம் தேடுவது ஒரே காயில், நடுவில் ஒரு வாசல்.

அடையாளம் காண்பது எளிது. பிக்அப்பிலிருந்து நான்கு வண்ணக் கம்பிகளும் மேல்சுற்று எர்த் கம்பியும் வந்தால் அது பெரும்பாலும் ஹம்பக்கர். சிங்கிள் காயில் உடம்பிலிருந்து மூன்று கம்பி வந்தால் டேப் எடுத்தது. டெலி பிக்அப்பில் மட்டும் மூன்றாவது கம்பி வெறும் உலோக மூடிக்கான எர்த்தாக இருக்கலாம். அதனால் அங்கே கம்பியை எண்ணுவது போதாது, மாடல் எண்ணையும் பாருங்கள்.

ஹம் இரைச்சலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேப் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது சிங்கிள் காயில்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் இரண்டு நிலையிலும் கேட்கும். டேப் நிலையில் இரைச்சல் குறைந்தது போலத் தோன்றும், ஆனால் தந்தியின் சத்தமும் அதே அளவு குறைந்திருக்கும். இரைச்சலை ஒழிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காயில் அடுக்கிய வகையைப் பாருங்கள்.

சுற்று கூடினால் என்ன ஆகிறது

தேர்வு முழுவதும் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சுற்று அதிகமானால் சிக்னல் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஆனால் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டத்தின் மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் அளவு, சுற்றின் வர்க்கமாகக் கூடும். சுற்று இரண்டு மடங்கானால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு. இண்டக்டன்ஸும், கிட்டார் கேபிளில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்துதான் பிக்அப்பின் ‘உச்சி’, அதாவது அது மிக ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண், எந்த இடத்தில் விழும் என்று முடிவு செய்கின்றன. உச்சி மேலே இருந்தால் சத்தம் பளிச்சென்று இருக்கும். கீழே இறங்கினால் நடுப்பகுதி தடித்து, மேல்பகுதி மங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேப் 7,800 சுற்றில், முழுச் சுற்று 11,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப் நிலையில் இண்டக்டன்ஸ் 2.4 ஹென்றி என்றால் முழு நிலையில் சுமார் 5.2 ஹென்றி. கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும். ஐந்து மீட்டர் கேபிளும் உள் வயரிங்கும் சேர்த்து 600 என்று எடுத்தால், டேப் நிலையில் உச்சி 4.2 கிலோஹெர்ட்ஸில் நிற்கும், முழு நிலையில் 2.9க்குக் கீழே வந்துவிடும். சத்தத்தின் அளவில் வித்தியாசம் 3.4 டெசிபல்தான். சத்தம் கூடுவதைவிட குணம் மாறுவதுதான் பெரிதாகக் கேட்கும் என்பது இதிலிருந்தே தெரியும்.

‘வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் இதே வேலை நடக்காதா?’ என்று கேட்பார்கள். நடக்காது. சாதாரண வயரிங்கில் வால்யூமைக் குறைத்தால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் ட்ரெபிளைத் தின்றுவிடும், சத்தம் மங்கிக்கொண்டே குறையும். டேப் பண்ணினால் சத்தம் குறையும்போதே தெளிவு கூடுகிறது. ஆம்பில் சத்தம் லேசாகக் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, முழு நிலையில் லீடும் டேப் நிலையில் கார்டும் வாசித்துப் பாருங்கள். பெடல் எதையும் மிதிக்காமல் இரண்டு கிட்டார் கிடைத்த மாதிரி இருக்கும். எனக்கு இந்தப் பிக்அப்பின் மேல் இருக்கும் பிரியத்துக்கு முழுக் காரணமும் இதுதான்.

மாறாதது ஒன்று உண்டு: காந்தம். எந்த நிலையில் இருந்தாலும் அதே காந்தம், அதே குச்சி. வழக்கமான ஸ்ட்ராட் குச்சியின் விட்டம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. குவார்ட்டர் பவுண்ட் வகையில் அது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தடித்த குச்சி இருந்தால் அதே சுற்றுக்கும் இண்டக்டன்ஸ் கூடும். அதுபோக, டேப் நிலையில் பயன்படாத வெளிச்சுற்றுகள் கழன்று போய்விடுவதில்லை, பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு லேசாக மந்தம் சேர்க்கும். அதனால் டேப் நிலை பழைய ஸ்ட்ராட்டை நெருங்கி வரும், அதுவாகவே ஆகிவிடாது.

எந்த நிலை உங்களுடையது

வாங்கும் முன் ஒரே ஒரு முடிவை எடுத்துவிடுங்கள்: வாசிக்கும் நேரத்தில் பெரும்பகுதி எந்த நிலையில் போகும்? அந்த நிலை உங்களுக்குப் பிடித்தபடி இருக்கும் பிக்அப்பைத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று தேவைப்படும்போது எட்டிப் போய் வருவதற்கு. இரண்டும் சமமாகச் சிறப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பவும் விற்கிறார்கள்.

தெளிந்த சத்தம்தான் உங்கள் அன்றாடம், பாட்டின் நடுவில் வரும் லீடுக்கு மட்டும் கொஞ்சம் சதை வேண்டும் என்றால், வழக்கமான 5 மி.மீ. குச்சி, அல்நிகோ 5 காந்தம், டேப் 7,500 முதல் 8,000 சுற்றுக்குள், முழுச் சுற்று 10,000 முதல் 11,500 வரை என்று தேடுங்கள். டேப் நிலையில் பழைய பாணி ஸ்ட்ராட்டுக்கு மிக அருகில் வரும். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான்.

ராக், ஹார்ட் ராக் என்று பெரும்பாலும் ஓவர்டிரைவில் வாசிப்பவர் என்றால் கால் அங்குலக் குச்சி வகைக்குப் போகலாம். முழு நிலை பி-90 (கனத்த ஒலியுள்ள ஒரு சிங்கிள் காயில் வகை) பக்கம் சாய்ந்து உறுதியாக அடிக்கும். டேப் நிலை தெளிவாக இருக்கும், ஆனால் மென்மையாக இருக்காது.

இரண்டு நிலைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். டேப் முழுச் சுற்றில் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வித்தியாசம் ஒன்றரை டெசிபல்கூட வராது, இசைக்குழுவோடு வாசிக்கும்போது ஸ்விட்ச் இருப்பதே தெரியாது. பாதியில் எடுத்திருந்தால் 6 டெசிபல் விழும். முழுச் சுற்று 12,000 என்றால் டேப் 6,000தான், வழக்கமான ஸ்ட்ராட்டைவிடவும் மெலிந்து கேட்கும். மூன்றில் இரண்டு பங்கு, அல்லது கொஞ்சம் மேலே. அதுதான் நல்ல இடம்.

விவரத் தாளைப் படிக்கும் விதம்

பெரும்பாலான நிறுவனங்கள் சுற்று எண்ணிக்கையைச் சொல்லாது, ஓம் கணக்கு மட்டும்தான் இருக்கும். ஓமைச் சத்தத்தின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. 43 கேஜ் கம்பி 42ஐவிட மெல்லியது, அதே சுற்றுக்கு ஓம் கூடுதலாகக் காட்டும். ஒரே கேஜ் கம்பி சுற்றிய இரண்டு பிக்அப்புகளை ஒப்பிடத்தான் ஓம் உதவும். இண்டக்டன்ஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பிரிட்ஜ் பிக்அப்பின் டேப் நிலையில் 2.2 முதல் 3 ஹென்றி என்றால் தெளிவுக்குக் குறை இருக்காது.

டேப், முழு என்று இரண்டு ஓம் கணக்கு தந்திருந்தால் அதையே சுற்று விகிதம் என்று நினைக்க வேண்டாம். உள்சுற்றுகள் நீளத்தில் சிறியவை, வெளிச்சுற்றுகள் பெரியவை. 6.5க்கு 13 கிலோ ஓம் என்று போட்டிருந்தால் உண்மையில் டேப் பாதிக்கு மேல்தான் இருக்கிறது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும். 20 டிகிரியில் 6 கிலோ ஓம் காட்டும் பிக்அப், மே மாதத்து 35 டிகிரி அறையில் 6.35 காட்டும். தாளில் சொன்னது வேறு, மீட்டர் காட்டுவது வேறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

எந்த இடத்துக்கு

பிரிட்ஜுக்கு மட்டும் போதும் என்பது என் கருத்து. நெக் பக்கம் தந்தி அகலமாக அதிர்வதால் அங்கே சத்தத்துக்கும் கனத்துக்கும் ஏற்கெனவே குறைவில்லை. அதிகச் சுற்றுள்ள பிக்அப்பை அங்கே வைத்தால் தடித்த தந்திகளில் குழப்படிதான் மிஞ்சும்.

ஸ்ட்ராட்டில் நடுப் பிக்அப்போடு சேரும் நிலை ஒன்று இருக்கிறதே, பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து குழைந்து ஒலிக்கும் அந்தச் சத்தம், அது இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் வரும். பிரிட்ஜை முழு நிலையில் வைத்தால் அந்தக் குழைவு குறையும். டேப் நிலைக்கு வந்தால் திரும்பி வரும். நடுப் பிக்அப் எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமும் கொண்டதாக இருந்தால் இந்த நிலையில் ஹம் இரைச்சலும் அடங்கும், ஆனால் இரண்டிலும் சுற்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஆகவே டேப் எண்ணிக்கை உங்கள் நடுப் பிக்அப்பின் சுற்றுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஆர்டர் போடும் முன் அளக்க வேண்டியவை

முதல் தந்தியின் குச்சி மையத்திலிருந்து ஆறாவது தந்தியின் குச்சி மையம் வரை மி.மீ.யில் அளந்து, புதிய பிக்அப்போடு ஒப்பிடுங்கள். உங்கள் பழைய பிளாஸ்டிக் மூடி அதற்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள், கால் அங்குலக் குச்சிக்கு வழக்கமான மூடியின் துளை போதாது.

அடுத்தது ஃபேஸ், அதாவது இரண்டு பிக்அப்புகளின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்பது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். காந்தத்தின் எந்த முனை மேலே இருக்கிறது, கம்பி எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பொருந்தாவிட்டால் இரண்டு பிக்அப்பைச் சேர்த்து வாசிக்கும்போது சத்தம் உள்ளே போய்த் தகரம் போல ஒலிக்கும். சாதாரண சிங்கிள் காயிலில் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். டேப் எடுத்ததில் அப்படிச் செய்ய முடியாது. எர்த்தையும் முழுச் சுற்றையும் மாற்றினால், டேப் நிலையில் உள்சுற்றுகளுக்குப் பதிலாக வெளியே மிச்சமிருக்கும் சுற்றுகள் பேசத் தொடங்கும். 11,500 பிக்அப்பில் அது வெறும் 3,700. டெலி பிரிட்ஜ் பிக்அப்பின் அடித்தகடு எர்த்தோடு இணைந்திருந்தால் தகடு முழுக்க சிக்னல் ஏறி, தொட்டாலே இரையும்.

எனவே உங்கள் கிட்டாரில் இருக்கும் மற்ற பிக்அப்புகளின் பிராண்டைச் சொல்லி, அவற்றோடு ஃபேஸ் பொருந்துமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவறி வந்துவிட்டால் புதியதைத் தொடாமல் மற்றவற்றின் கம்பிகளை மாற்றிப் போடுவதுதான் வழி.

ஸ்விட்ச்

ஒரு பிக்அப்புக்கு மூன்று கால் உள்ள ஆன்-ஆன் மினி டாகிள் போதும். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். நடுக்காலில் இருந்து கிட்டாரின் செலக்டர் ஸ்விட்சுக்கு ஒரு கம்பி. ஒரு ஓரக்காலில் டேப், மறு ஓரக்காலில் முழுச் சுற்று. எர்த் நேராக வால்யூம் கண்ட்ரோலின் முதுகுக்கு.

கிட்டாரில் துளை போட மனமில்லாதவர்கள் புஷ்-புல் கண்ட்ரோல் வாங்கலாம், டோன் குமிழை இழுத்தால் ஸ்விட்ச் மாறும். அதில் ஆறு கால் இருக்கும், ஒரு பிக்அப்புக்கு ஒரு பக்க மூன்று கால் போதும், இரண்டு பிக்அப் வரை அதே குமிழில் சமாளிக்கலாம். எந்த நிலையில் எந்தக் கால் நடுக்காலோடு சேர்கிறது என்பதை மீட்டரின் பீப் சத்தத்தில் பார்த்துவிட்டுச் சால்டர் வையுங்கள். புஷ்-புல் ஆழம் கேட்கும், டெலியின் குறுகிய பள்ளத்திலும் மெல்லிய உடம்புள்ள கிட்டார்களிலும் அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். மில்லிமீட்டர் அளவுத் துளை உள்ள ஆசிய கிட்டார்களில் அமெரிக்க அளவுக் கண்ட்ரோலின் கழுத்து நுழையாது, பழைய குமிழும் பொருந்தாமல் போகலாம். இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயரிங்கை மட்டும் செய்யவே கூடாது: டேப் கம்பியையும் முழுச் சுற்றுக் கம்பியையும் ஒன்றோடொன்று சேர்ப்பது. ஹம்பக்கர் ஸ்பிளிட்டில் அணைக்கும் காயிலை ஷார்ட் செய்வது வழக்கம், அந்தப் படத்தைப் பார்த்து இங்கேயும் சிலர் அதையே செய்கிறார்கள். இங்கே இரண்டு பகுதியும் ஒரே காந்தக் குச்சிகளின் மேல் இருக்கின்றன. ஷார்ட் ஆன வெளிச்சுற்று சிக்னலை உறிஞ்சி, சத்தத்தை அமுக்கிவிடும். வேண்டாத முனை எதையும் தொடாமல் தொங்குவதுதான் சரி.

வால்யூம் கண்ட்ரோல் 250 கிலோ ஓமில் இருக்கட்டும், டேப் நிலைக்கு அதுதான் இதம். கால் அங்குலக் குச்சி வகையில் முழு நிலை மங்கலாக இருக்கிறது என்று தோன்றினால் அப்புறம் 500க்கு மாற்றிப் பார்க்கலாம். நெக் பிக்அப் அப்போது கொஞ்சம் கூராகும்.

வந்தவுடன், மாட்டிய பின்

மாட்டும் முன் மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாக மீட்டரில் வையுங்கள். அதிகம் காட்டும் இணை எர்த்தும் முழுச் சுற்றும். மற்ற இரண்டு இணைகளின் கூட்டல் அந்த எண்ணுக்குச் சமமாக வர வேண்டும். எதிலாவது மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, சால்டர் வைக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வண்ணங்களை அந்த நிறுவனத்தின் தாளைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும், வேறு பிராண்டின் படம் உதவாது. உள்ளே இருக்கும் கம்பியின் தடிமன் 0.06 மி.மீ.தான், வெளிக் கம்பியைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள்.

எல்லாம் இணைத்த பிறகு, தந்தி மாட்டும் முன்பே ஆம்பில் செருகி, ஸ்குரூடிரைவரால் குச்சிகளை மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு நிலையிலும் ‘டொக்’ என்று கேட்க வேண்டும், முழு நிலையில் சற்றுக் கனமாக.

கடைசியில் உயரம். முதல் தந்தியையும் ஆறாவது தந்தியையும் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, தந்தியின் அடியிலிருந்து குச்சியின் தலை வரை அளக்க வேண்டும். பழைய பாணிப் பிக்அப்புக்கு, ஸ்ட்ராட்டையும் டெலியையும் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் சொல்வது ஆறாவது தந்திப் பக்கம் 2.4 மி.மீ., முதல் தந்திப் பக்கம் 2 மி.மீ. அதன் சத்தம் கூடிய டெக்சஸ் ஸ்பெஷல் பிக்அப் வகைக்கு 3.2, 2.4. டேப் எடுத்ததை இந்த இரண்டாவது அளவிலிருந்து தொடங்குங்கள். ஆறாவது தந்தியில் 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல் சுருதி அலைவது போலக் கேட்டால் காந்தம் தந்தியை இழுக்கிறது, இன்னும் கால் மி.மீ. இறக்குங்கள். அதன் பிறகு டேப் நிலையில் வைத்து, நெக் பிக்அப்பின் சத்தம் இதோடு சமமாகும் வரை நெக்கை மட்டும் ஏற்றி இறக்குங்கள். சமன் செய்வது டேப் நிலையில்தான் இருக்க வேண்டும். முழு நிலை அப்போது தானாகவே ஒரு படி மேலே நிற்கும், லீடுக்கு அதுதானே வேண்டும்.